பல்பு வாங்கிய கதை: 18 நாளாகியும் முளைக்காத அமரில்லிஸ்

கும்பகோணத்தாள்
27 நவம்பர் 2022, காலை 8:12

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நிஜமாகவே பல்பு வாங்கியிருக்கிறேன், இரண்டு அர்த்தத்திலும்.

நான் இருப்பது கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில், பதினோராவது மாடி. நவம்பர் பிறந்ததும் இங்கே கடை வாசலிலேயே அட்டைப் பெட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். பெட்டி மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சிவப்புப் பூ, அதுதான் அமரில்லிஸ். உள்ளே பெல்லாரி வெங்காயத்தை இரண்டு பங்கு பெரிதாக்கியது போல ஒரு கிழங்கு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி, காய்ந்த தேங்காய்நார் வில்லை. 15 டாலர். ஊரிலிருந்து அம்மா அக்டோபரில் வந்தார். இது அவருக்கு முதல் பனிக்காலம். மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, வெளியே காலடி வைக்கப் பயப்படுகிறார், சீரியலும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்? ஜன்னலோரம் ஒரு பூ இருந்தால் நன்றாயிருக்குமே என்று வாங்கினேன்.

நவம்பர் 9-ம் தேதி நட்டேன். இன்றோடு 18 நாள். ஒரு அசைவும் இல்லை. அம்மா தினமும் காப்பி டம்ளரோடு அதன் முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "வெங்காயத்த வித்துட்டு பூன்னு சொல்லிட்டான்டி" என்கிறார்.

முழுக் கிழங்கையும் மண்ணுக்குள் புதைத்திருக்கிறேன். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். தொட்டி ஹால் மூலையில், சோபா பக்கத்தில். எங்கே தப்பு செய்தேன்?

சோம்பேறித் தோட்டக்காரன்
27 நவம்பர் 2022, காலை 9:40

புதைத்தது, ஊற்றியது, வைத்த இடம். மூன்றும் தப்பு. மற்றபடி எல்லாம் சரி.

மண்புழு
27 நவம்பர் 2022, காலை 11:05

சோம்பேறி சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டாம். முதலில் கிழங்கை வெளியே எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று அமுங்கினால் அழுகிவிட்டது, அதற்கு மருந்து கிடையாது.

கெட்டியாக இருந்தால் மறுபடி நடுங்கள். கிழங்கின் மேல் பாதி, குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது, மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். கழுத்துப் பகுதியில் ஈரம் தங்கினால்தான் அழுகல் வரும். தொட்டி பெரிதாக வேண்டாம், கிழங்கைச் சுற்றி ஒரு விரல் நுழையும் இடம் போதும். நட்டதும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, முனை எட்டிப் பார்க்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம், அதுவும் ஓரமாக. இலையே இல்லாத செடி அத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

வெளிச்சம் கிடைக்கும் ஜன்னலுக்கு மாற்றுங்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் என்றால் உத்தமம். இப்போதைக்கு 20 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் வேர் சீக்கிரம் பிடிக்கும்.

ஒன்று சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கும். அந்தப் பூ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. போன வருஷம் வயலிலேயே அரும்பு கட்டி, கிழங்கின் செதில்களுக்கு நடுவில் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. இங்கே யாராவது ஒரு கிழங்கைப் பலிகொடுத்து நெடுக்காக வெட்டினால் அரும்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீங்கள் அதைப் பூக்க வைக்கவில்லை, எழுப்பி விடுகிறீர்கள். அவ்வளவுதான்.

கும்பகோணத்தாள்
27 நவம்பர் 2022, மதியம் 1:30

கெட்டியாகத்தான் இருக்கிறது! மண்புழு சார், ரொம்ப நன்றி. அடியில் வெள்ளை வெள்ளையாக நாலைந்து வேர் கூட வந்திருக்கிறது. மறுபடி நட்டு ஜன்னலோரம் வைத்துவிட்டேன். "உள்ளேயே பூ இருக்காம்மா" என்றேன். "அப்ப எட்டு மாசம்னு சொல்லு" என்றார்.

வடலி
27 நவம்பர் 2022, மாலை 6:18

தங்கச்சி, நானும் ஸ்காபரோதான். என்னட்டை இருக்கிற கிழங்கு 2001-ம் ஆண்டு பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவி தந்தது. அப்ப அது முட்டையளவு பக்கக்கன்று. பூக்க மூன்று வருஷம் எடுத்தது. இப்ப ஒரே சாடியில் ஐந்து தாய்க் கிழங்கு, சுற்றிவரக் குட்டிகள். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போகேக்கை ஆளுக்கு ஒன்று கிளப்பிக் கொடுத்தனான். ஆகவே 15 டாலர் வீண் என்று நினைக்க வேண்டாம், சரியாகப் பார்த்தால் உங்களை விட அதிக காலம் இருக்கும்.

முனை தெரிந்தால் இலையா பூவா என்று பார்க்கத் தெரியுமோ? இலை என்றால் தட்டையாக, மெல்லிசாக, நாக்கு மாதிரி வரும். பூந்தண்டு கொஞ்சம் தடிப்பாக, வேல் முனை மாதிரி வரும்.

சோம்பேறித் தோட்டக்காரன்
27 நவம்பர் 2022, இரவு 9:02

வடலி அக்கா, 21 வருஷம்! நான் ஒவ்வொரு ஜனவரியும் பூ வாடினதும் குப்பையில் போட்டுவிட்டு, நவம்பரில் புதிதாக வாங்குகிற ஆள். ஒரு மாதச் சந்தோஷத்துக்காகப் பதினோரு மாதம் வெறும் இலைக்கு ஊழியம் செய்ய என்னால் ஆகாது. ரோஜாக் கொத்து ஒரு வாரத்தில் போகிறது, அதை யாரும் வளர்க்கச் சொல்வதில்லையே?

வடலி
27 நவம்பர் 2022, இரவு 9:15

ரோஜாக் கொத்துக்கு வேர் இல்லைத் தம்பி.

கும்பகோணத்தாள்
30 நவம்பர் 2022, காலை 7:03

வந்துவிட்டது!!! கழுத்தின் ஒரு ஓரத்தில், நடுவில் கூட இல்லை, பச்சையாக ஒரு முனை. அரை சென்டிமீட்டர் இருக்கும். தடிப்பாக இருக்கிறது அக்கா, வேல்தான்.

அம்மா தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மாடித்தோட்டம் தாம்பரம்
1 டிசம்பர் 2022, காலை 10:20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் இவ்வளவு பாடுபடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் மாடியில் ஆரஞ்சுச் சிவப்பில் இதே மாதிரி பூ வெறும் சிமெண்ட் தொட்டியில் கிடக்கிறது. யாரும் கண்டுகொள்வதில்லை. கோடையில் வெயில் கொளுத்தும்போது திடீரென்று ஒரு நாள் தண்டு நீட்டிப் பூத்து நிற்கும். நாங்கள் லில்லி என்போம். அதுவும் இதுவும் ஒன்றா?

மண்புழு
1 டிசம்பர் 2022, மதியம் 12:47

பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. உங்கள் மாடியில் இருப்பது பெரும்பாலும் ஹிப்பியாஸ்ட்ரம் புனிசியம். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்து நம் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் குடியேறிவிட்டது. கடைப் பெட்டியில் வருவது அதே இனத்தின் பெரிய பூக் கலப்பினம். லில்லி இரண்டுமே இல்லை. நம்மூர் விஷமூங்கில், மழை பெய்த மறுநாள் பூக்கும் மழை லில்லி, இவையெல்லாம்தான் இதற்குச் சொந்தக்காரர்கள்.

இந்தச் செடியின் பெயரே ஒரு வழக்குக் கதை. 1753-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் அமரில்லிஸ் என்று ஒரு பெயர் வைத்தார். அவர் சொன்னது தென்னாப்பிரிக்கச் செடியையா, அமெரிக்கச் செடியையா என்று பின்னால் வந்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1821-ல் வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அமெரிக்கச் செடிகளைத் தனியாகப் பிரித்து ஹிப்பியாஸ்ட்ரம் என்றார். கிரேக்கத்தில் குதிரை வீரனின் நட்சத்திரம் என்று பொருள் வரும். சண்டை அதோடு ஓயவில்லை. 1987-ல் பெர்லினில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில்தான் அமரில்லிஸ் என்ற பெயர் தென்னாப்பிரிக்கச் செடிக்கே என்று தீர்ந்தது. கடைக்காரர்கள் யாரும் அந்தத் தீர்ப்பை மதிக்கவில்லை. நாமும் இங்கே அமரில்லிஸ் என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. இதன் முதல் கலப்பினத்தை உருவாக்கியவர் தாவரவியல் பேராசிரியர் இல்லை. இங்கிலாந்தில், லங்காஷயர் மாவட்டத்துப் பிரெஸ்காட் ஊரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஆர்தர் ஜான்சன் என்பவர். 1799 வாக்கில். நாள் எண்ணி வளர்க்கிற செடி கடிகாரக்காரர் கையில் பிறந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

உங்கள் மாடியில் கோடைக்குப் பூக்கிறது, இங்கே மட்டும் ஏன் பனியில் என்றால், இதன் உறக்கம் குளிருக்காக இல்லை, வறட்சிக்காக. தண்ணீர் நின்றால் தூங்கும், தண்ணீரும் சூடும் வந்தால் எழும். அந்த நேரத்தை இங்கே நாம் வைத்து விளையாடுகிறோம். டியூலிப், ஹையசிந்த் போன்ற மற்றக் கிழங்குப் பூக்கள் அப்படி ஏமாறாது. அவற்றுக்கு நிஜமாகவே குளிர் வேண்டும்.

ஒஸ்லோ ஒற்றையடி
2 டிசம்பர் 2022, மாலை 4:55

ஹையசிந்த் என்றதும் வந்துவிட்டேன். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஆறு மணி நேரம் கூட முழுதாகத் தேறாது. நோர்வேயில் கிறிஸ்மஸ் வீட்டு வாசமே ஹையசிந்த்தான். நான் செய்வது: செப்டம்பர் கடைசியில் கிழங்கு வாங்கி, இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் உட்கார வைப்பேன். தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடாமல், மயிரிழை கீழே நிற்க வேண்டும். தொட்டால் அழுகும். பிறகு குளிரான இருட்டறையில் 10 முதல் 14 வாரம், 9 டிகிரிக்குக் கீழே. வேர் குவளை முழுக்க நூல் மாதிரி இறங்கியபின் வெளிச்சத்துக்கு எடுத்தால் மூன்று வாரத்தில் பூ.

பிரிட்ஜில் வைப்பவர்கள் ஆப்பிள் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் அரும்பைக் கருக்கிவிடும். ஒரு வருஷம் எனக்கு ஆறு கிழங்கு போனது, வெறும் ஆப்பிளால். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், சேப்பங்கிழங்கு மாதிரி அரிக்கும்.

பூனைக்காரி
2 டிசம்பர் 2022, மாலை 5:30

அமரில்லிஸ் பூனைக்கு ஆகுமா? என்னுடையவன் எதையும் கடித்துப் பார்க்காமல் விடமாட்டான்.

மண்புழு
2 டிசம்பர் 2022, மாலை 6:10

ஆகவே ஆகாது. லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கில்தான் அதிகம். பூனை, நாய், மனிதர் எல்லோருக்கும் வாந்தி. எட்டாத உயரத்தில் வையுங்கள். பூனைக்கு எட்டாத உயரம் என்று ஒன்று உண்டா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கும்பகோணத்தாள்
22 டிசம்பர் 2022, காலை 7:45

மூன்று வாரமாக எழுதவில்லை, ஆனால் அளவு தவறவில்லை. ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் செல்லோடேப் ஒட்டி அம்மா பென்சிலால் கோடு போடுகிறார், கதவோரம் குழந்தைகளை நிற்க வைத்து உயரம் குறிப்பது போல. அவர் கணக்கு இதோ:

டிசம்பர் 5: 3 செ.மீ.
டிசம்பர் 12: 11
டிசம்பர் 18: 24
இன்று: 34

சில நாள் காலையில் ஒரு கோடு, மாலையில் ஒரு கோடு. "இன்னிக்கு ரெண்டரை விரக்கடை" என்று சமையலறை வரை குரல் வருகிறது. வெளியே மைனஸ் 9. நேற்று இங்கே வருஷத்தின் சிறிய பகல், ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. அப்புறம் இன்னொன்று, மறுபக்கத்தில் இரண்டாவது தண்டும் முனை விட்டிருக்கிறது!

ஆனால் ஒரு விபத்து. முந்தாநாள் இரவு இரண்டு மணிக்குத் தடாலென்று ஒரு சத்தம். தண்டு கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, தலைக்கனம் தாங்காமல் தொட்டியோடு கீழே விழுந்துவிட்டது. ஹால் முழுக்கத் தேங்காய்நார். நல்ல வேளை, தண்டு முறியவில்லை. அம்மா பொங்கலுக்கென்று ஊரிலிருந்து தூக்கி வந்த வெண்கலப் பானைக்குள் தொட்டியை இறக்கி வைத்துவிட்டார். இனி பூகம்பம் வந்தால்தான் உண்டு.

வடலி
22 டிசம்பர் 2022, காலை 8:20

வெண்கலப் பானையில் அமரில்லிஸ்! படம் போடுங்கோ.

ஒவ்வொரு நாளும் சாடியைக் கால்வாசி திருப்பி விட வேண்டும் தங்கச்சி. வெளிச்சத்தைத் தேடித்தான் அது சாய்கிறது. ஒரு மெல்லிய குச்சியும் ஊன்றிக் கட்டி விடுங்கோ. குச்சியைக் கிழங்கில் குத்தாமல் ஓரமாக.

சோம்பேறித் தோட்டக்காரன்
22 டிசம்பர் 2022, இரவு 8:44

இதற்கெல்லாம் ஒரே தீர்வு மெழுகு பூசிய பல்பு. மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், தொட்டி வேண்டாம், மேஜை மேல் வைத்தால் அதுவே பூக்கும். எனக்காகவே கண்டுபிடித்தது போல இருக்கிறது.

மண்புழு
22 டிசம்பர் 2022, இரவு 10:31

எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். அடித்தட்டையும் (கிழங்கில் வேர் கிளம்பும் அடிப்பகுதி) வேரையும் வெட்டிவிட்டு, மெழுகில் முக்கி, நிற்பதற்குக் கம்பியைச் செருகி அனுப்புகிறார்கள். கிழங்கில் இருக்கும் சத்தும் ஈரமும் ஒரு தடவை பூக்கப் போதும், அதனால் பூக்கிறது. பிறகு மெழுகை உரித்து நட்டுப் பிழைக்க வைத்தவர்கள் சிலர் உண்டு, அடித்தட்டு மிச்சமிருந்தால். பெரும்பாலும் இருக்காது. வாழக்கூடிய ஒன்றை அலங்காரப் பொருளாக்கி விற்பது சரியில்லை என்பது என் கட்சி.

சோம்பேறித் தோட்டக்காரன்
22 டிசம்பர் 2022, இரவு 10:40

நான் நட்டு வளர்த்தாலும் ஜனவரியில் குப்பைதானே சார். அதற்கு மெழுகு என்ன, மண் என்ன?

மண்புழு
22 டிசம்பர் 2022, இரவு 10:58

சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் வாங்க மாட்டேன்.

ஒஸ்லோ ஒற்றையடி
23 டிசம்பர் 2022, காலை 6:15

தண்டு நீண்டு விழுகிற கதைக்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் இருக்கிறது. அமரில்லிஸுக்கு இல்லை, பேப்பர்வைட் என்கிற வெள்ளை நார்சிஸஸுக்கு. அது மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி, குளிர் காட்டத் தேவையில்லை. கூழாங்கல்லும் தண்ணீரும் போதும். ஆனால் வீட்டுக்குள் நெடுநெடுவென்று வளர்ந்து நாலாபக்கமும் சரிந்துவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லர் குழுவினர் சோதித்துக் காட்டியது: வேர் பிடித்து முளை ஒரு அங்குலத்துக்கு மேல் வந்தபின், வெறும் தண்ணீருக்குப் பதில் 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் கலந்த தண்ணீர் விட்டால் தண்டு மூன்றில் ஒரு பங்கு குட்டையாக நிற்கிறது, பூவின் அளவு மட்டும் குறைவதில்லை. வோட்காவில் 40 சதவீதம் இருக்கிறது என்றால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர். பியரும் வைனும் கூடாது, அதிலுள்ள சர்க்கரை கெடுக்கும்.

நான் செய்து பார்த்தேன், வேலை செய்கிறது. "செடிக்கு ஊற்றினேன்" என்று மனைவியிடம் சொன்னபோது அவர் பார்த்த பார்வைதான் இன்னும் மறக்கவில்லை.

பூனைக்காரி
23 டிசம்பர் 2022, காலை 7:02

பேப்பர்வைட் வாசத்துக்கு எங்கள் வீட்டில் நாற்றம் என்று பெயர். பாதிப் பேர் மல்லிகை என்கிறார்கள், பாதிப் பேர் மூக்கைப் பொத்துகிறார்கள்.

கும்பகோணத்தாள்
3 ஜனவரி 2023, காலை 7:20

நேற்று முன்தினம் பச்சை உறை இரண்டாகப் பிளந்து நாலு அரும்பு நாலு திசைக்குத் தலையைத் திருப்பியது. நேற்று இரவு படுக்கும்போது ஒன்று மட்டும் கொஞ்சம் வாய் திறந்திருந்தது. இன்று காலை ஆறரைக்கு, வெளியே இன்னும் இருட்டு, அம்மா என்னை எழுப்பினார். ஹால் விளக்கைப் போடாமல் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஜன்னலருகே நிறுத்தி, பிறகு ஸ்விட்சைத் தட்டினார்.

எங்கள் வீட்டு டிபன் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். தட்டுதான் சின்னது. சிவப்பு என்றால் குங்குமச் சிவப்பு இல்லை, அதில் ஒரு கறுப்பு ஓடுகிறது. வெல்வெட் துணி மாதிரி. உள்ளே தொண்டைப் பக்கம் பச்சை. வாசமே இல்லை, அதுதான் அம்மாவுக்குக் குறை. "இவ்வளவு பெரிசா பூத்துட்டு ஒரு வாசம் இல்லையே" என்று மூன்று தடவை முகர்ந்து பார்த்து மூக்கில் மஞ்சள் மகரந்தப் பொடி ஒட்டிக்கொண்டது.

நட்ட நாளிலிருந்து 55 நாள். பக்கத்து ஃபிளாட் பிலிப்பினோ அம்மாள் பார்க்க வந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அந்தப் பென்சில் கோடுகளைக் காட்டி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மண்புழு
3 ஜனவரி 2023, காலை 9:00

அருமை. இனி சூட்டைக் குறையுங்கள். ஹீட்டர் காற்று படாத இடம், 16 அல்லது 18 டிகிரி என்றால் ஒவ்வொரு பூவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். அந்த மஞ்சள் பொடிப் பைகளை விரிந்ததுமே கிள்ளி எடுத்துவிட்டால் இதழில் கறையும் படாது, பூவும் ஓரிரு நாள் கூட நிற்கும்.

கும்பகோணத்தாள்
15 ஜனவரி 2023, காலை 10:40

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்! முதல் தண்டு வாடத் தொடங்க, இரண்டாவது தண்டு சரியாக இன்று விரிந்திருக்கிறது. ஒரு சிக்கல்தான். பொங்கல் வைக்கப் பானை வேண்டும், பானையில் அமரில்லிஸ் இருக்கிறது. காலையில் தொட்டியைத் தூக்கி ஐந்து லிட்டர் குக்கரில் இறக்கினோம். பானையைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தேன், மண்புழு சார் சொன்ன நஞ்சு ஞாபகத்தில்.

மீன்பாடும் கரை
16 ஜனவரி 2023, மாலை 3:12

எல்லாவற்றையும் வாசித்தேன். மொன்றியலில் இருக்கிறேன். இதே மாதிரிக் கார்த்திகைப் பூவை வீட்டுக்குள் வைத்துக் கார்த்திகை மாதத்தில் பூக்க வைக்க ஏலுமா? இரண்டு முறை முயன்று தோற்றேன்.

மண்புழு
16 ஜனவரி 2023, மாலை 5:40

கஷ்டம். செங்காந்தள் கிழங்கு அமரில்லிஸ் மாதிரி அரும்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவதில்லை. முளைத்து, கொடியாக ஏறி, நல்ல வெயில் வாங்கினபிறகுதான் அரும்பு கட்டும். இந்த நாட்டு நவம்பரில் அந்த வெயில் எங்கே கிடைக்கும்? வசந்தத்தில் நட்டுக் கோடையில் பூ பார்க்கலாம். பனிக்காலத்தில் கிழங்கைக் காய்ந்த மணலில் உறங்க விடுங்கள். முளை இருக்கும் நுனி முறிந்தால் அந்தக் கிழங்கு போனது, பார்த்துக் கையாளுங்கள். கோல்கிசின் என்ற கொடிய நஞ்சு அதில் இருக்கிறது, குழந்தைகள் இருந்தால் பத்திரம்.

கும்பகோணத்தாள்
5 பிப்ரவரி 2023, மாலை 7:15

பூ முடிந்தது. கிழங்கு மெலிந்து பாதியாகிவிட்டது, பிள்ளை பெற்றவள் மாதிரி என்கிறார் அம்மா. குப்பையில் போட விடமாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

மண்புழு
5 பிப்ரவரி 2023, இரவு 8:30

தண்டு மஞ்சளானதும் வெட்டுங்கள். இலையைத் தொடாதீர்கள். இனிமேல் எல்லாமே இலைதான். இந்தச் செடியின் கணக்கு எளிது: நாலு இலைக்கு ஓர் அரும்பு. இந்த வருஷம் நாலு நாலாக எத்தனை தடவை இலை விடுகிறதோ, அத்தனை அரும்பு உள்ளே சேரும். வெளிச்சம், தண்ணீர், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உரம். மே கடைசியில் உறைபனி பயம் போனபின் பால்கனிக்கு. செப்டம்பர் கடைசியில் தண்ணீரை நிறுத்தி, 10 முதல் 13 டிகிரி இருக்கும் இருட்டான இடத்தில் எட்டுப் பத்து வாரம் தூங்க விட்டு, மறுபடி எழுப்புங்கள்.

வடலி
5 பிப்ரவரி 2023, இரவு 9:05

நான் ஒருநாளும் தூங்க வைப்பதில்லை. வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும், பங்குனி சித்திரையில் தானாகப் பூக்கும். கிறிஸ்மஸுக்குப் பூ வேண்டும் என்பவர்களுக்குத்தான் அந்த இருட்டறைச் சடங்கெல்லாம்.

மண்புழு
5 பிப்ரவரி 2023, இரவு 9:20

அக்கா சொல்வதும் சரிதான். உறக்கம் கட்டாயமில்லை, நமக்கு வேண்டிய நேரத்துக்கு இழுப்பதற்கு அது ஒரு வழி.

கும்பகோணத்தாள்
19 டிசம்பர் 2023, இரவு 9:50

ஒரு வருஷம் கழித்து வருகிறேன், மறுபடி பல்பு வாங்கிக்கொண்டு.

அம்மா ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் தொட்டியை நான் சரியாகப் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஹால் மூலைக்கே போய்விட்டது. மொத்தமே மூன்று இலை. அக்டோபரில் காயவைத்து, மண்ணை உதறி, ஸ்டோர் அலமாரியில் வைத்தேன். ஒரு சனிக்கிழமை என் கணவர் சாம்பாருக்கு வெங்காயம் எடுக்கிறேன் என்று அதை எடுத்து மேல் தோலை உரித்துவிட்டார். கத்தி வைப்பதற்குள் பார்த்துவிட்டேன்.

டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி நட்டேன். இன்று இரண்டு முனை. இரண்டும் நாக்கு மாதிரி தட்டை.

சோம்பேறித் தோட்டக்காரன்
19 டிசம்பர் 2023, இரவு 10:05

நான் ஒன்றும் சொல்லவில்லை. கடையில் 15 டாலர் என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

வடலி
19 டிசம்பர் 2023, இரவு 10:30

மூன்று இலைக்குப் பூ கேட்டால் அது எங்கே போகும் தங்கச்சி? கோபப்படாமல் ஜன்னலில் வையுங்கோ. வருகிற கோடை முழுக்கப் பால்கனி வெயில். முட்டை ஓடு, டீத்தூள் என்று வீட்டு வைத்தியம் செய்ய வேண்டாம், கடை உரம் போதும். என்னட்டை மாட்டெரு மூட்டை இருக்கிறது, வந்தால் தருவேன்.

கும்பகோணத்தாள்
11 ஆகஸ்ட் 2024, மாலை 6:40

வடலி அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். மாட்டெருவோடு ஒடியல் மாவும் தந்தார். அந்த ஐந்து கிழங்குச் சாடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

பால்கனியில் இப்போது ஒன்பது இலை. கிழங்கின் சுற்றளவு அம்மாவின் தையல் டேப்பில் 29 செ.மீ. டேப்பை அம்மா விட்டுவிட்டுப் போயிருக்கிறார், மறந்துபோய் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒஸ்லோ ஒற்றையடி
12 ஆகஸ்ட் 2024, காலை 7:30

ஒன்பது என்றால் மண்புழு சார் கணக்கில் இரண்டு அரும்பு, ஒரு இலை மிச்சம்.

கும்பகோணத்தாள்
8 டிசம்பர் 2024, காலை 6:58

இரண்டு நாளுக்கு முன் முனை வந்தது. வீடியோ காலில் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கிட்ட கொண்டா, இன்னும் கிட்ட" என்று, போன் கிழங்கில் இடிக்கும் வரை விடவில்லை. பார்த்துவிட்டுச் சொன்னார்: "இலையில்ல. வேலுதான்."

ஜன்னலில் பழைய செல்லோடேப் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. இன்று ஒன்றரை செ.மீ. அனுப்பிவிட்டேன்.

சோம்பேறித் தோட்டக்காரன்
8 டிசம்பர் 2024, காலை 9:26

எங்களுக்கும் இங்கே போடுங்கள்.